படிப்பதை நிறுத்திவிட்ட நண்பரும் ஆடி மாதக் குற்றாலப் பயணமும்

கேள்வி: மதுரையில் வசிக்கும் நாங்கள் ஐந்து பேர், பணி ஓய்வு பெற்ற நண்பர்கள். எங்கள் வயது 64 முதல் 70 வரை. தினமும் காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கிறோம். ஞாயிறுதோறும் மாலை 6.30 மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி, அந்தந்த வாரம் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். வெறும் பேச்சாகவே போய்விடுகிறது என்பதால், தை மாதத்திலிருந்து ஆளுக்கு ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும் என்று ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம். எங்களில் மூத்தவர் தமிழாசிரியராக இருந்தவர். 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இருவேளை இன்சுலின். அவர் மாசி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், “படித்ததெல்லாம் போதும்” என்கிறார். கண்ணில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஓராண்டில் இரண்டு முறை கடையில் சோதித்துப் புதுக் கண்ணாடி மாற்றியிருக்கிறார். பூங்காவிலும் முன்போலப் பேசுவதில்லை. ஒவ்வோர் ஆடியிலும் நான்கு நாள் குற்றாலம் போவது எங்கள் வழக்கம். இம்முறை அதற்கும் வரவில்லை என்கிறார். இது மனச்சோர்வா? அவரை வற்புறுத்தி அழைத்துச் செல்லலாமா? எங்களில் இன்னொருவருக்குச் சென்ற கார்த்திகையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவர் அருவியில் குளிக்கலாமா? எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பதில்: அன்புள்ள ஐயா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்கும் மனச்சோர்வு என்றுதான் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது, தாங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள் என்னை நிறுத்தின. ஆளுக்கு ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் தை மாதத்தில் தொடங்கியது; ஆசிரியர் மாசி மாதத்தில் வருவதை நிறுத்தினார். இது ஒன்று. ஓராண்டுக்குள் இரண்டு முறை அவர் கண்ணாடி மாற்றினார் என்பது மற்றொன்று. கண்ணில் குறை இல்லை என்பதற்குச் சான்றாக இந்த இரண்டாவது செய்தியைத் தாங்கள் தருகிறீர்கள். ஒரு மருத்துவனின் கண்ணுக்கு அது நேர்மாறான சான்றாகப் படுகிறது.

வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் செய்யுளை ஓசையோடு படித்துக் காட்டிய ஒருவர், நண்பர்கள் நால்வர் முன்னிலையில் ஒரு வரியில் தடுமாறி, எழுத்துக் கூட்டி, அடுத்த வரிக்குப் போவதற்குப் பதிலாக அதே வரிக்குத் திரும்பி வந்துவிடுவதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அப்படி ஒன்று நடந்ததா என்பது எனக்குத் தெரியாது, தங்களுக்கு நினைவிருக்கலாம். நடந்திருந்தால், அவர் அன்றைக்கே “எனக்கு எழுத்து தெரியவில்லை” என்று சொல்லியிருப்பார் என எதிர்பார்க்க வேண்டாம். படிப்பதையே தொழிலாகவும் பெருமையாகவும் கொண்டிருந்தவர்கள், கண் மங்கிவிட்டது என்று சொல்வதைவிட ஆர்வம் போய்விட்டது என்று சொல்லிவிடுவதையே எளிதாக நினைக்கிறார்கள் என்பதை என்னிடம் வரும் முதியவர்களிடம் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதை எழுதும் எனக்கே இந்தப் பாடம் வீட்டில்தான் கிடைத்தது. என் தந்தையார் காலையில் நாளிதழ் வந்தவுடன் அதை ஒரு கசங்கலும் இல்லாமல் மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, “நீ படித்து முடித்ததும் என்ன செய்தி என்று சொல்” என்பார். அதை மகன்மீது கொண்ட பாசம் என்று எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய எட்டு மாத காலம் நானும் செய்தி சொல்லிவந்தேன். இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்ததை, அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். வீட்டில் மருத்துவர் ஒருவர் இருப்பதால் மட்டும் எதுவும் தப்பிவிடுவதில்லை.

கண்ணாடிக் கடையில் நடக்கும் சோதனையைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வில்லையைப் போட்டால் எதிரே உள்ள எழுத்துப் பலகை தெளிவாகத் தெரியும் என்பதை அது சொல்லும். கண்ணின் உட்புறத்தில் படலம் போலப் படர்ந்திருக்கும் விழித்திரை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. சர்க்கரை நோய் 18 ஆண்டுகள் நீடித்த ஒருவருக்கு விழித்திரையிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிவதற்கும் அடைபடுவதற்கும் வாய்ப்பு மிகுதி. தொடக்கக் கட்டத்தில் இதற்கு வலியோ உறுத்தலோ சிவப்போ கிடையாது. பார்வைகூட நன்றாகவே இருக்கும். விழித்திரையின் நடுப்புள்ளியில் வீக்கம் ஏற்படும்போதுதான் எழுத்துகள் கலங்கத் தொடங்கும். இதற்கிடையில், ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணிலுள்ள வில்லை நீர்கோத்து, கண்ணாடியின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் வராத ஒரு வாரத்தில் அளவெடுத்துச் செய்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்புரையும் ஒரு வாய்ப்புதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சற்று முன்னதாகவே வரும். எதிரே வரும் வண்டியின் விளக்கு நட்சத்திரம்போலச் சிதறித் தெரிவது, வெள்ளைச் சுவர் மஞ்சளித்துத் தெரிவது, வெயிலில் கண் கூசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிலருக்கு இன்னொரு விந்தையும் நடக்கும். இத்தனை ஆண்டுகள் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர், திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கத் தொடங்குவார். வீட்டில் உள்ளவர்கள் மகிழ்ந்துபோவார்கள். புரை முற்றும் வழியில் கண்ணின் வில்லை தடிப்பதால் கிடைக்கும் தற்காலிகப் பார்வை அது. சில மாதங்களில் அதுவும் போய்விடும். கண்நீர் அழுத்த நோய் என்னும் கிளாக்கோமா வேறு விதமானது. அது பார்வையின் ஓரங்களிலிருந்து சத்தமில்லாமல் அரித்துக்கொண்டு வரும். நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் இருக்கும் படி தெரியாது. போன பார்வையை அதில் மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்பதால் நாள் கடத்தக் கூடாது.

தங்கள் கூட்டம் நடப்பது மாலை 6.30 மணிக்கு, மொட்டைமாடியில். அப்படியானால் அவர் இருட்டத் தொடங்கும் நேரத்தில் படியேற வேண்டும்; நன்றாக இருட்டிய பிறகு அதே படிகளில் இறங்கி, எதிர்வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும். காலையில் பூங்காவுக்கு வருகிறவர் மாலையில் மாடிக்கு வராமல் இருப்பதற்கு இதுவேகூடப் போதுமான காரணம். பூங்காவில் பேச்சு குறைந்ததற்கும் ஒரு காரணத்தை யோசிக்கிறேன். எதிரே வருகிறவர் யார் என்று முகம் தெரியாதபோது, தவறான பெயரைச் சொல்லி அழைத்துவிடுவோமோ என்ற தயக்கத்தில் மனிதர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்குகிறார்கள். காது கேட்கும் திறன் குறைந்தவர்களும் இப்படித்தான் ஒதுங்குவார்கள். அவர் பதில் சொல்லும்போது கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் குறைகிறதா என்பதையும் கவனித்து வையுங்கள்; அப்படி இருந்தால் காதையும் ஒரு முறை சோதித்துவிடலாம்.

மனச்சோர்வு என்ற தங்கள் ஐயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயும் மனச்சோர்வும் பலருக்கு ஒன்றாகவே வருகின்றன. பார்வை மங்குவதாலேயே மனம் சோர்ந்துபோவதும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாட்டில் நாட்டம் போய்விட்டதா, உடல் இளைத்திருக்கிறதா, முன்பு மகிழ்ச்சி தந்த எதிலுமே இப்போது மனம் ஒட்டவில்லையா என்பதை அவர் மனைவியிடம் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். புத்தகம் வேண்டாம் என்று சொல்பவர், பேரப்பிள்ளைகள் வந்தால் கதை சொல்கிறார், வானொலியில் பாட்டு வந்தால் ஒலியைக் கூட்டுகிறார் என்றால், நாட்டம் போகவில்லை, கண்தான் ஒத்துழைக்கவில்லை என்று கொள்ளலாம். பேரப்பிள்ளையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்றால் மனநல மருத்துவரின் உதவி தேவை. வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு அவர் வாயில் ஒரு முறை வந்தாலும், குற்றாலமும் கண்ணாடியும் பிறகு இருக்கட்டும். அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சுலினோடு மெட்ஃபார்மின் மாத்திரையையும் அவர் பல ஆண்டுகளாக எடுத்து வந்திருந்தால், உடலில் பி12 வைட்டமின் குறைந்திருக்கக்கூடும். சைவ உணவு மட்டும் உண்பவர் என்றால் இன்னும் கூடுதலாக. அது மறதியையும் சோர்வையும் கால் மரப்பையும் தரும். பார்க்கிறவர்களுக்கு முதுமைபோலவே தோன்றும். தைராய்டு சுரப்புக் குறைவும் அவ்வாறே. இரண்டும் எளிதில் கண்டறியக்கூடியவை, எளிதில் சரிசெய்யக்கூடியவை.

இனி அவரை எப்படி அழைத்துச் செல்வது என்பதற்கு வருகிறேன். “உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று நினைக்கிறோம்” என்று நால்வரும் சேர்ந்து போய் நிற்காதீர்கள். அது விசாரணைபோல ஆகிவிடும். தாங்கள் மட்டும் தனியாகச் சென்று, தங்களுக்கே கண் சோதனை செய்துகொள்ள வேண்டியிருப்பதாகவும், துணைக்கு ஆள் வேண்டும் என்றும் சொல்லுங்கள். தாங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர், 60 வயதைக் கடந்தவர் என்பதால் இதில் பொய் எதுவும் இல்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, விழித்திரையை நேரே பார்க்கும் சோதனையாக அது இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது பொது விதி. பாதிப்பு தெரிந்தால் இடைவெளி இன்னும் குறையும்.

இந்த வகையில் மதுரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1976-ஆம் ஆண்டு மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை தங்கள் ஊரில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. எங்கே சென்றாலும் 18 ஆண்டுச் சர்க்கரை, இருவேளை இன்சுலின் என்பதைப் பதிவுச் சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள். சென்ற ஆண்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், குறிப்பாக மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, கையில் இருந்தால் நல்லது. பழைய கண்ணாடிகள் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எத்தனை மாதத்தில் மாறியது என்பதே மருத்துவருக்கு ஒரு தடயம்.

இந்தச் சோதனையைக் குற்றாலத்துக்குப் போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். ஆடி பிறக்க இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது. சோதனையில் வெறும் கண்புரை என்று தெரிந்தால் அவசரம் எதுவும் இல்லை. அறுவையை ஆவணிக்குத் தள்ளிவைத்துக்கொண்டு பயணம் போய்வரலாமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். ஏனென்றால், அறுவை செய்துகொண்ட கண்ணில் சில வாரங்களுக்குத் தலைக்குக் குளிக்கும் தண்ணீர்கூடப் படக் கூடாது என்பார்கள். அருவி நீரை நினைத்தே பார்க்கக் கூடாது. ஆர்வத்தில் ஆனி மாதமே அறுவை செய்துவிட்டு, ஆடியில் அவரைக் கரையில் உட்காரவைத்துவிட்டு மற்ற நால்வரும் குளிப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. விழித்திரையில் கசிவோ, நடுப்புள்ளியில் வீக்கமோ, புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதோ தெரிந்தால் கதை வேறு. அதற்குரிய லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் போடும் ஊசியோ காத்திருக்காது. அப்போது தள்ளிப்போட வேண்டியது பயணத்தைத்தான், சிகிச்சையை அல்ல. குற்றாலத்தில் ஆவணியிலும் தண்ணீர் இருக்கும்.

அவர் வருகிறார் என்றே வைத்துக்கொண்டு பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியருக்கு அருவியைவிடப் பெரிய ஆபத்து அருவிக்கு முன்னால் நிற்கும் வரிசையில் இருக்கிறது. காலையில் விடுதியிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு, “குளித்துவிட்டு வந்து சாப்பிடலாம்” என்று கிளம்பி, ஐந்தருவியில் கூட்டம் காரணமாக ஒன்றரை மணி நேரம் நின்றால், சர்க்கரை தாழ்நிலைக்குப் போய்விடும். குளிர்ந்த சாரலில் நடுங்குவதும், சர்க்கரை குறைந்து நடுங்குவதும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டீர்கள். ஆகவே ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: இலையில் இட்லி விழுந்த பிறகுதான் ஊசி. அவர் போடும் இன்சுலின் உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய வகை என்றால், பயண நாட்களில் என்ன செய்வது என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடனிருக்கும் நால்வரும் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்க வேண்டும். வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், கருவியில் அளந்து 70-க்குக் கீழ் இருந்தால், அல்லது அளக்க வழியில்லாவிட்டால் அளக்காமலேயே, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை. தெளிந்ததும் வயிற்றுக்கு உணவு. சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

குற்றாலம் என்றால் எண்ணெய்த் தேய்ப்பும் உண்டு. ஊசி போட்ட வயிற்றிலோ தொடையிலோ உடனே அழுத்தித் தேய்த்தால் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அன்றைக்கு அந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு முதுகையும் தோளையும் மட்டும் தேய்க்கச் சொல்லலாம். எண்ணெய்ப் பாதத்தோடு ஈரப் பாறையில் கால் வைப்பதை ஐவருமே தவிர்க்க வேண்டும். ஆசிரியரின் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், பின்புறம் வார் வைத்த ரப்பர்ச் செருப்பை அவர் அருவிக்குள்ளும் கழற்றக் கூடாது. கல்லில் கால் கிழிந்தது அவருக்கே தெரியாமல் இருந்து, ஊர் திரும்பிய பத்தாம் நாள் புண்ணோடு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு சாரல் பருவத்திலும் பார்க்கிறேன். இரவு படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் மங்கலானவருக்கு அதை இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவை, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் சுமார் நான்கு வாரம் வரை குளிர்பெட்டி இல்லாமலேயே வைத்திருக்கலாம் என்பதால் விடுதி அறையில் கவலையில்லை. வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதுதான் அதைக் கெடுக்கும்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நண்பருக்கு ஆடியில் எட்டு மாதம் நிறைந்திருக்கும். நெஞ்சு இறுக்கமோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி தொடர்ந்து ஏற முடிகிறது, பூங்காவில் வழக்கமான வேகத்தில் நடக்க முடிகிறது, இதய மருத்துவரும் சரி என்கிறார் என்றால், அவர் அருவியின் ஓரத்தில், நீர் மெலிந்து விழும் இடத்தில், சில நிமிடங்கள் குளிக்கலாம். பேரருவியின் நடுவில் போய் நிற்பது அவருக்கு வேண்டாம். அங்கே பொங்குமாங்கடல் என்னும் பாறைத் தொட்டியில் விழுந்து வேகம் தணிந்துதான் தண்ணீர் கீழே வருகிறது. தணிந்த பிறகும் அதன் வேகம் எப்படி என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். குளிர்நீர் திடீரென்று உடலில் அறையும்போது தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் சுமை கூடுகிறது. அதனால் முதலில் கை கால், பிறகு முகம், பிறகு தோள் என்று நனைத்துக்கொண்டு போக வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் குளிக்கக் கூடாது. இந்த முறை ரத்த அழுத்தம் உள்ள தங்களுக்கும் பொருந்தும். ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அவருக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகளை ஒரு நாள்கூட விடக் கூடாது. நான்கு நாள் பயணத்துக்குப் பத்து நாள் மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்லட்டும். அந்த மாத்திரைகளே இன்னோர் எச்சரிக்கையையும் கொண்டுவருகின்றன. வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், “ஒன்றுமில்லை” என்று எழுந்து வந்தாலும், உடனே தென்காசி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள். உள்ளே கசியும் ரத்தம் மெதுவாகவே தன்னைக் காட்டும். வெள்ளப்பெருக்கு எச்சரிக்கை ஒலித்தால் விவாதம் செய்யாமல் வெளியேறுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. வயதில் அவரைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு இருக்கும் நாம் அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர்கள் அல்லர்.

வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் வருவது நம் வயதினரின் பொதுவான தவறு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எப்படியும் நிறுத்துவீர்கள் என்பது எனக்குத் தெரியும். பால்கோவாவை ஆசிரியர் ஒரு தேக்கரண்டி சாப்பிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அறை எடுக்கும்போது தரைத்தளத்தில், மேற்கத்திய முறைக் கழிவறை உள்ளதாகப் பாருங்கள். இரவில் எழுந்து செல்லும் பாதையில் சிறு விளக்கொன்று எரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. கண் சோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும், சிகிச்சை முடிந்து பார்வை தெளிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் முழுமையாகத் தெளியாமலும் போகலாம். அதுவரை அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் வேண்டும். கூட்டத்தை மாடியிலிருந்து கீழே இறக்கி, மாலை 4.30 மணிக்கு மாற்றிவிடுங்கள். வெயில் காரணம் சொல்ல முடியாத நேரம் என்பதால் வேறு ஏதாவது ஒரு காரணத்தை உங்களில் ஒருவர், தம் மூட்டு வலியையாவது, சொல்லிக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் என்ற வழக்கத்தைச் சற்றே மாற்றுங்கள். நம் ஊர்க் கோயில்களிலும் ஊர்ச் சாவடிகளிலும் புராணமும் பாரதமும் படித்த காலத்தில், ஏடு பார்த்துப் படிப்பவர் ஒருவர், பொருள் சொல்பவர் ஒருவர் என்று இருவர் இருந்தார்கள். சிறப்பு பொருள் சொல்பவருக்குத்தான். அவர் கையில் ஏடே இருக்காது. நீங்கள் நால்வரும் முறை வைத்துப் படியுங்கள். தமிழாசிரியர் பொருள் சொல்லட்டும். சலுகை காட்டுவதாக அவருக்குத் தோன்றாது, ஏனென்றால் அது உண்மையிலேயே சலுகை அல்ல. உங்களில் வேறு யாராலும் செய்ய முடியாத வேலை.

பயணமும் இதற்கு ஏற்ற இடத்துக்குத்தான் அமைகிறது. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி நடத்திய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தில் கவிதைகளை வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்டுச் சுவைத்தார்கள்; பின்னாளில் அவர் வந்து தங்கி வாழ்ந்தது குற்றாலத்தில். இதை நான் ஆசிரியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்தான் உங்களுக்குச் சொல்வார். மழை வலுத்து அருவியில் குளிக்கத் தடை போடும் பிற்பகல் ஒன்று எப்படியும் வரும். அதற்காகப் படிக்க ஒரு புத்தகத்தை இப்போதே எடுத்துவையுங்கள்.

வீட்டில் அவர் தனியாகப் படிப்பதற்கும் வழி இருக்கிறது. விளக்கைத் தலைக்கு மேலே அல்லாமல், தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழும்படி வைப்பது, புத்தகத்தைக் கையில் பிடிக்காமல் சாய்வுப் பலகையில் வைப்பது, விளக்கு பொருத்திய உருப்பெருக்கியைப் பயன்படுத்துவது ஆகியவையே பலருக்கு நாளொன்றுக்குச் சில பக்கங்களைத் திருப்பித் தந்திருக்கின்றன. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கவும், தமிழை உரக்க வாசிக்கச் செய்யவும் முடியும். அந்தக் குரல் சந்தி பிரிக்கும் அழகைக் கேட்டால் ஆசிரியருக்குக் கோபம் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் காலை நடையை முடித்துக்கொண்டு ஐவருமாகச் சென்று பார்த்துவிட்டு வரலாம்.

அவரை வற்புறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண் சோதனைக்கு வற்புறுத்துங்கள், கூச்சமில்லாமல் வற்புறுத்துங்கள். குற்றாலத்துக்கு வற்புறுத்த வேண்டாம்; சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

சோதனைக்குப் போகும் நாளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சொட்டு மருந்து விட்டபின் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசும்படியும் இருக்கும். தாங்களும் அதே நாளில் சோதித்துக்கொள்வதென்றால் இருவரில் ஒருவராலும் இருசக்கர வண்டி ஓட்ட முடியாது. மூன்றாவது நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். ஆசிரியர் இன்சுலின் போட்டுக்கொண்டு வருவதால், காத்திருக்கும் நேரத்துக்குக் கையில் ஏதேனும் சாப்பாடு இருக்கட்டும்.